இருபத்துநாலு

சாயங்காலப் பால் ஆறரைக்கு முடிந்தது.
கடைசிக் கேன் ஆறுச்சாமியுடையது.
லாக்டோமீட்டர் இருபத்துநாலில் போய் நின்றது.
குலுக்கி இன்னொரு தடவை விட்டேன்.
இருபத்துநாலு.
"மழைப்புல்லுத் தின்னுச்சுங் அம்மிணி, அதானுங்"
என்றார்.
புல் அவ்வளவு பொய் சொல்லாது.
'திருப்பப்பட்டது' என்று
நோட்டில் மலையாளத்தில் எழுதினேன்,
தமிழில் வாசித்துக் காட்டினேன்.
கேனைத் தூக்கி சைக்கிளில் மாட்டும்போது
மூடி சரியாகப் பொருந்தவில்லை அவருக்கு,
மூன்று தடவை திருகினார்.

வேலந்தாவளம் கடைத்தெருவில்
வாசற்படியில் ஒரு மாநிலமும்
கல்லாப்பெட்டி அருகே இன்னொன்றும்
எனக்கு நல்வரவு சொன்னது செல்போன்.
பாஸ்தா ஒரு பாக்கெட். சீஸ் இரண்டு கட்டி.
வெண்ணெய் வேண்டாம், வீட்டில் பாலாடை இருக்கிறது.
"ஆருக்கா இதொக்கெ?" என்றாள் ஷைலஜா சேச்சி.
நவ்யாவுக்கு.
யாரோ பிறந்தநாள் வீட்டில் தின்றுவிட்டு வந்து
மூன்று நாளாக அதே பேச்சு.
புதன்கிழமை ராத்திரி
தோசைமாவும் புளித்துவிட்ட வீட்டில்
எனக்கும் வேறு வழி தோன்றவில்லை.

சுலபம்தான்.
ஒரு அடுப்பில் உப்புத் தண்ணீர் கொதிக்க
பேனா மூடிகளைப் போட்டது போல் ஒரு கடகடப்பு.
மறு அடுப்பில் பாலாடை உருகி
பூண்டு வாசம் எழும்ப
ஒரு கரண்டி மைதா, கட்டி தட்டாமல் கிண்டல்,
அப்புறம் பால், கொஞ்சம் கொஞ்சமாக.
எங்கள் செவலையின் பால்.
கொழுப்பு நாலு புள்ளி மூன்று,
அதை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை.
மிளகை நசுக்கிப் போட்டேன்.
சீஸைத் துருவினாள் நவ்யா,
பாதி சட்டிக்கு, பாதி வாய்க்கு.

வடிகஞ்சி என்றே நினைத்தது கை.
பாஸ்தா வெந்த தண்ணீரைப்
பின்கட்டு வாளியில் கொட்டிவிட்டு வந்தது.

மயில்சாமி போன் செய்தார்.
பஸ் சாவடியில் நிற்குதாம்,
குறுக்கே ஒரு லாரி, அச்சு முறிந்து.
பத்து நிமிஷம் என்றார்.
வார்ப்படப் பட்டறைக்காரர் சொல்லும் பத்து நிமிஷம்
ஆறி இறுகத்தான் செய்யும்.

எட்டேமுக்காலுக்கு மூடியைத் திறந்தால்
கரண்டி நட்டது நட்டபடி நின்றது.
"அம்மா, இது சிமெண்ட்டு" என்றாள்.
பால் தீர்ந்திருந்தது.
ஓடிப்போய் வாளியைப் பார்த்தேன்:
செவலை அடிவரை நக்கிவிட்டு
இன்னும் உண்டா என்பது போல்
மூக்கை நீட்டியது.

குடத்திலிருந்து ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீர்.
ஊற்றினேன்.
கிண்டினேன்.
மெல்ல இளகியது, பளபளத்தது,
கடையில் வாங்கியது போல
ஒவ்வொரு குழாயிலும் வழிந்து ஏறியது.
இன்னொரு அரை டம்ளர்.
மேசை மேல் பையில் துருத்திக்கொண்டு
லாக்டோமீட்டர்.
விரிசல் விட்டதை மாற்றக் கொண்டுவந்தேன்...
விரிசல் கழுத்தில்தான்,
அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை,
நேற்றே சரிபார்த்துவிட்டேன்.

ஆறுச்சாமி வீட்டில் இன்று அந்தப் பாலை
என்ன செய்திருப்பார்கள்?
பத்து லிட்டர்.
உறைக்கு ஊற்றினாலும் எத்தனை நாளைக்கு மோர்.

மயில்சாமி வந்தார், கை கழுவினார்,
தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
"எலுமிச்சங்கா ஊறுகா இருக்குதா?"
ஊறுகாயோடு இரண்டு தட்டு தின்றார்.
"அவங்க வீட்டுல
இன்னும் கெட்டியா இருந்துச்சு" என்றாள் நவ்யா,
விரலால் ஓரத்தை வழித்தபடி.
அப்படியா, என்றேன்.

காலையில் ஐந்தரைக்குப் பூட்டைத் திறக்க வேண்டும்.
முதல் வரிசையிலேயே நிற்பார் மனுஷர்.
கருவி காட்டுவதை எழுதுவேன்,
வேறென்ன எழுத முடியும்.
குரலை வேண்டுமானால்
கொஞ்சம் இறக்கிச் சொல்லலாம்.

சட்டியில் ஒட்டியதை ஊறப் போட்டேன்.
விளக்கை அணைக்கும் முன் பார்த்தபோது
விளிம்புவரை வெள்ளையாய் நின்றது தண்ணீர்,
யார் பார்த்தாலும்
பால் என்றுதான் சொல்வார்கள்.